துறைமுகத்து மணி

என் அக்காவைக் கட்டிய அத்தான், காதால் கேட்காமல் எதையும் முடிவு செய்யமாட்டார். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். விற்கிறவர் புது பெயிண்டைத் தடவிக் காட்டினார், டயரைக் காட்டினார், சீட்டைத் தூக்கிக் காட்டினார். அத்தான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். விற்கிறவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

“நீரு கொஞ்சம் மிண்டாம இரும்” என்றார் அத்தான். சண்டைக்குச் சொன்னதில்லை. கெஞ்சுவதுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, “உள்ள ஒண்ணு இளகிக் கிடக்கு. சரியாக்கித் தந்தா எடுக்கேன்” என்றார். அதைச் சரியாக்கித் தந்த பிறகும் இன்னொரு தடவை குத்தவைத்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

வீட்டில் அவரிடம் எதைக் கேட்டாலும் “கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்பதுதான் பதில். அக்காவுக்கு இதனால் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. “வாசலுக்கு ஒரு காலிங் பெல் வாங்கணும்னா, மார்த்தாண்டத்துல உள்ள பெல்லு முழுக்க அமுக்கிப் பாக்கணும் இந்த மனுசனுக்கு. வீட்டுக்கு வந்தவனெல்லாம் அதுவரைக்கும் கதவத் தட்டிட்டு நிக்கான்” என்று எங்கள் அம்மாவிடம் சொல்லுவாள். ஆனால் அப்படிக் கேட்பதைத்தான் ஊரே அவரிடம் தேடி வந்தது.

அவருடைய வீடு தேங்காய்ப்பட்டணத்தில், துறைமுகத்துக்கு இறங்குகிற வழியில் இருந்தது. கடல் தொழில் செய்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் கடலுக்குப் போகாமல் கல்ஃபுக்குப் போனவர் அத்தான். அங்கே ஒரு மின்நிலையத்தில், பெரிய பெரிய ஜெனரேட்டர்கள் ஓடுகிற கூடத்தில் வேலை. லீவுக்கு வந்திருந்த ஒரு டிசம்பரில்தான் கடல் ஏறி வந்தது. அவருடைய அண்ணன் வீடு போயிற்று. ஆட்கள் எப்படியோ தப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்களிடம் அதிகாரிகள் பெயரும் விவரமும் எழுதிக்கொண்டு போனார்கள். அத்தான் காலையிலேயே போய் வராந்தாவில் உட்காருவார். யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். பிள்ளையின் கை எப்படி நழுவியது என்று ஒருத்தி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிறவரைப்போல இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நிறுத்தினபோது எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கல்ஃபுக்குத் திரும்பிப் போகவில்லை.

என் கல்யாண விஷயத்திலும் அப்படித்தான். நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவளைக் கட்டவேண்டும் என்றேன். அவள் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரக் குடும்பம், சைவர்கள். நாங்கள் கருங்கலில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். எங்கள் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். பேசிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அப்பாவிடம் பேசினார்கள். அத்தான் மட்டும் வந்து அப்பாவைப் பேசவிட்டார். மத்தியானம் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரம்வரை அப்பாதான் பேசினார். மறுநாள் அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “உன் மருமவன் ஒண்ணும் பறையல்ல. நான்தான் பறஞ்சு பறஞ்சு தளந்து போனேன். கடைசீல எனக்கே நான் பறையது பிடிக்கல்ல.”

எங்கள் கல்யாணம் நடந்தது.

கேட்பதில் இப்படிப்பட்ட மனுசர், தனக்கென்று தேடிக் கேட்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் பாட்டு.

கல்ஃபில் அவரோடு ஒரே அறையில் ஒரு பிலிப்பைன்காரர் இருந்தார். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை அட்டைப்பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து மாடி அறையில் வைத்திருந்தார். கறுப்புத் திரையில் எழுத்தைத் தட்டித் திறக்கவேண்டிய காலத்து மிஷின். அதில் ஒரு பாய்க்கப்பல் விளையாட்டு. தீவு தீவாகப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கவேண்டும். படமெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆனால் அதன் பாட்டு லேசுப்பட்டதில்லை. புயல் திரையில் வருவதற்கு முன்பே பாட்டு மாறிவிடும். அதைக் கேட்டுப் பாயை இறக்கவேண்டும். கேட்காதவன் கப்பல் மூழ்கும். துறைமுகம் நெருங்கும்போது, கரை கண்ணுக்குத் தெரியும் முன்னால், ஒரு மணி கேட்க ஆரம்பிக்கும்.

“வேல முடிஞ்சு வந்தா அவன் கப்பல் ஓட்டுவான், நான் கட்டில்ல கிடந்து கேப்பேன். அந்த மணி கேட்டாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்” என்று அத்தான் என்னிடம் சொன்னார். “கம்ப்யூட்டர எனக்குத் தந்தான். பெட்டிய மட்டும் கொண்டு போயிட்டான்.”

என்ன பெட்டி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கல்லூரியில் இன்டர்நெட்டில் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து விளையாட்டுகள் பாட்டைச் சத்தமாகப் பதிந்து வைத்திருக்காது. எந்த வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்கிற உத்தரவு மட்டும்தான் வைத்திருக்கும். அதை வாசிப்பது வேறொரு கருவி. அந்த உத்தரவுக்குப் பெயர்தான் மிடி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்ட் கார்டும் வாசிக்கும், ஆனால் கொசு பாடுகிற மாதிரி. வசதியுள்ளவர்கள் வெளியே தனியாக ஒரு பெட்டி வாங்கி வயர் போட்டு இணைப்பார்கள். ஒரே பாட்டைக் கருங்கல் பாடகர்குழு பாடினால் ஒரு மாதிரி, தேங்காய்ப்பட்டணம் குழு பாடினால் வேறு மாதிரி. பெட்டிகளும் அப்படித்தான்.

நான் முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். என்னுடைய புதுக் கம்ப்யூட்டரில், அந்தப் பெட்டி வாசிப்பதுபோலவே வாசிக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு மென்பொருளைப் போட்டு அவருக்குக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆனா அது இல்ல.”

மார்த்தாண்டத்தில் ஒரு கானமேளக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர் எனக்குப் பழக்கம். திருவிழாக் காலங்களில் குமரியிலிருந்து திருவனந்தபுரம் வரை மேடை மேடையாகப் போகிறவர். அவரிடம் ஒரு ஜப்பான் மிடி பெட்டி இருந்தது. புதுக் கீபோர்டு வாங்கிவிட்டதால் அது சும்மா கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக் செருகுகிற இடத்தில் அதற்கான வயரை மாட்டி விளையாட்டைத் திறந்தோம். கப்பல் கிளம்பியது. புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் பியானோ வந்தது. புயலில் ஒரு கூட்டமே கைதட்டியது. துறைமுகத்தில் மணிக்குப் பதிலாக ஹெலிகாப்டர் இறங்குகிற சத்தம். அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்து முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தாள். அத்தான் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

காரணம் இதுதான். விளையாட்டு பிந்தின பெட்டிகளுக்கு முந்தியது. எத்தனையாவது எண்ணில் எந்த வாத்தியம் இருக்கவேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் வந்தது. கீபோர்டுகாரருடைய பெட்டியில், பிலிப்பைன்காரர் வைத்திருந்த மாதிரிப் பழைய பெட்டிபோலப் பாவனை செய்கிற வசதி ஒன்று இருந்தது. அதைப் போட்டதும் வாத்தியங்கள் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. மணியும் வந்தது. கணீரென்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அத்தானுடைய முகத்தைப் பார்த்தோம்.

அவர் பெட்டி இருக்கட்டும் என்றார். மாதக்கணக்காகக் கேட்டார். பிறகு ஒரு நாள் நான் போயிருந்தபோது சொன்னார்.

“மக்கா, இது கோயில் மணி. கோயிலுக்கு அடியில நின்னு கேக்கப்பட்ட மணி. அது கடல்ல கிடந்து கேக்கப்பட்ட மணியாக்கும்.”

அவர் சொன்னது சரிதான் என்பது படித்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்த விளையாட்டு திறக்கும்போதே, தான் உண்டாக்கி வைத்திருக்கும் சத்தங்களைப் பழைய பெட்டிக்குள் ஊற்றிவிடும். பெட்டியை அணைக்கும்வரை அது அந்தச் சத்தங்களை வைத்திருக்கும். பாவனைப் பெட்டி அதை வாங்கிக்கொள்ளாது. தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு மணியை அடித்துவிடும். பழைய பெட்டியே கிடைத்தாலொழிய அந்த மணி கேட்காது.

அது கிடைக்க வருஷங்கள் ஆயின. திருவனந்தபுரத்தில் மூடிப்போன ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தின் சாமான்களை விற்கிறார்கள் என்று கீபோர்டுகாரர் ஒரு நாள் செய்தி கொண்டுவந்தார். மூன்று பேரும் போனோம். தூசிக்குள்ளிருந்து, அகலமான, தட்டையான, கனத்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். அத்தான் அதன் ஓரங்களைத் தடவினார். “இதுதான். அவன் கட்டில் தலமாட்டுல இருந்தது இதுதான்” என்றார். அங்கே போட்டுக் கேட்க வழியில்லை. கேட்காமலே வாங்கினார். அவர் அப்படி வாங்கி நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

மறுநாள் மாடியில் வைத்து இணைத்தோம். விளையாட்டைத் திறந்ததும் பெட்டியின் சின்னத் திரையில் பச்சை எழுத்தில் நல்வரவு என்று ஆங்கிலத்தில் ஓடியது. பாட்டு ஆரம்பித்தது. ஈரக் காற்றுபோல ஒரு சத்தம், அதற்கு அடியில் கட்டைக்குரலில் நீண்ட ஒரு சுரம். நான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுதான், ஆனால் இப்போதுதான் அதற்குள் கடல் இருந்தது. அத்தான் கப்பலை நேராகத் துறைமுகத்துக்கு விட்டார். கண்ணை மூடினார். நாங்களும் காத்திருந்தோம்.

கண்ணைத் திறந்து, “மணி வரல்ல” என்றார்.

எனக்கு மேலே எங்கேயோ மெல்லிசாக ஏதோ மினுங்குவதுபோலக் கேட்டது. ஆனால் நான் எதிர்பார்த்தது கணீர் என்று கேட்டிருந்த அந்த மணியை. அவர் இல்லை என்றதும் இல்லை என்றே நினைத்துக்கொண்டேன். அவர் காதுக்கு மேல் தன் காதை நம்புகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

கீபோர்டுகாரர் திருவிழா மேடைக்குப் போய்விட்டார். நானும் அத்தானும் மணியைத் தேட ஆரம்பித்தோம். அந்தப் பெட்டியில் முந்தின பதிப்பு, பிந்தின பதிப்பு என்று இரண்டு உண்டு. பிந்தினதில் ஹெட்போன் செருகும் துளை இருக்கும். சில விளையாட்டுகள் முந்தினதில்தான் சரியாகப் பாடும் என்று படித்தேன். எங்களுடையது முந்தினதுதான். வயரை மாற்றினோம். ஸ்பீக்கரை மாற்றினோம். பெட்டியைத் திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோய், பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தோம். ஒரு பழுதும் இல்லை என்று திருப்பித் தந்தார். “அவனுக்குக் கேக்கத் தெரியல்ல” என்றார் அத்தான். ஒருத்தரைப் பற்றி அவர் அப்படிக் குறைவாகச் சொல்லிக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை காலை. நான் தரையில் உட்கார்ந்து வேறொரு வயரை மாட்டிக்கொண்டிருந்தேன். கப்பல் துறைமுகத்தில் நின்றது. அக்கா துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போகிற வழியில், வாளியோடு வாசலில் நின்றாள்.

“இஞ்ச பாருங்க, அந்தக் கிணுகிணு மணியக் கொஞ்சம் கொறச்சு வைக்கப்பிடாதா? காலத்தேருந்து காது கூசுது.”

அத்தான் திரும்பிப் பார்த்தார். “எந்த மணி?”

“இப்பம் அடிக்குதே, இதுதான்.”

“இப்பமா?”

“இப்பந்தான். இன்னும் அடிச்சிட்டுத்தானே இருக்கு?” அக்கா என்னைப் பார்த்தாள். “லே, உனக்குக் கேக்கல்லியா?”

எனக்குக் கேட்டது. மேலே மெல்லிசாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் மணி. கேட்கிறது என்று தலையை ஆட்டினேன்.

அத்தான் ஸ்பீக்கருக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனார். சத்தத்தைக் கூட்டினார். அக்கா வாளியை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவர் இன்னும் கூட்டினார். பிறகு அக்காவுடைய கைகளைப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கூடத்தில் அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். மீன்காரரின் ஹாரன் கேட்டு அவர் இப்போதெல்லாம் எழுந்து வருவதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. அவ்வளவு தேடி வாங்கின காலிங் பெல்லை யாராவது அமுக்கினால் அவர் அசைவதில்லை. “வயசாகுதுல்லா, மனசு எங்கயோ இருக்குன்னு நெனச்சேன்” என்றாள்.

நாகர்கோவிலில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் அக்காவும் வெளியே, மிஷினை இயக்குகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றோம். முதலில் அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்ப, அவருடைய கை பொத்தான்மேல் அப்படியே இருந்தது. முகம் மட்டும் கூர்ந்து கேட்கிற முகம். பள்ளிக்கூட வராந்தாவில் இருந்த அதே முகம். அக்கா கண்ணாடியிலிருந்து விலகிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

மணிபோல மேல் சுருதியில் வருகிற சத்தங்கள் முதலில் போகும், பிறகு மற்றதும் பைய போகலாம் என்று டாக்டர் சொன்னார். பெரிய மிஷின்களுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு வருவதுதான் என்றார். “காதுல வைக்க அடைப்பான் குடுத்திருப்பாங்களே?”

“குடுப்பாவ சார். நான்தான் வைக்கல்ல” என்றார் அத்தான். “வச்சா மிஷின் சத்தம் மாறினா தெரியாதுல்லா. அதுக்குத்தானே என்ன அங்க வச்சிருந்தாவ.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தக்கலை தாண்டினதும் என்னிடம், “அந்தத் திருவந்தரத்துக்காரன நான் தப்பாப் பறஞ்சிட்டேன்” என்றார்.

கேட்கும் கருவி வைத்தார்கள். பேச்சு ஓரளவு கேட்டது. பாட்டு தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது என்று மாடியில் அதைக் கழற்றிவிடுவார். இரண்டு மூன்று வருஷத்தில் பேச்சும் மங்கிப் போனது. ஊர்க்காரர்கள் கொஞ்ச காலம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். “கொஞ்சம் ஒரக்க” என்பார். அவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஆனால் அவரிடம் கொண்டுவருகிற விஷயங்கள் உரக்கச் சொல்லக்கூடியவை இல்லை. கடற்கரையிலிருந்து ஒருத்தி வந்தாள். மகனைப் பற்றி என்னவோ சொல்லவேண்டும். முதலில் மெதுவாகச் சொன்னாள், பிறகு கொஞ்சம் உரக்க, பிறகு கத்தினாள். பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேண்டாம் தாயி. எனக்குக் கேக்கல்ல. கேட்டதுபோல இருந்து தலையாட்ட எனக்கு முடியாது.”

அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வாசலில் போட்டிருந்த நாற்காலியை அவரே எடுத்து உள்ளே வைத்தார்.

கப்பல் மட்டும் ஓட்டினார். சத்தமில்லாத கப்பல். புயல் வருவது தெரியாது. திரையில் அலை எழும்பும்போது பாயை இறக்க நேரம் இருக்காது. மூழ்கும். மறுபடியும் துறைமுகத்திலிருந்து கிளம்புவார். மறுபடியும் மூழ்கும். கடைசியில் ஒரு நாள் கீபோர்டுகாரருக்குச் சொல்லியனுப்பினார். இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகட்டும், ஒன்று அவருடையது, மற்றது நல்ல காது உள்ளவரிடம் இருக்கட்டும் என்றார்.

கீபோர்டுகாரர் வந்தபோது நானும் இருந்தேன். வயர்களைக் கழற்றப் போனார். அக்கா மாடிப்படி ஏறி வந்து வாசலை மறித்து நின்றாள்.

“அத எங்க கொண்டு போறியரு?”

“அண்ணன் சொல்லித்தான்…”

“அவியளுக்குக் கேக்கல்ல, செரி. எனக்குக் கேக்குதுல்லா?” என்றாள் அக்கா. ஒரு நாற்காலியை இழுத்து அத்தானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “நீங்க ஓட்டுங்க. காத்து வந்தா நான் தோளுல தட்டுதேன்.”

அக்கா அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நாளும் மதித்ததில்லை. தூசி தட்டும்போதுகூடத் திட்டிக்கொண்டே தட்டுவாள். அத்தான் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு பழைய பெட்டியை ஆன் செய்தார். எத்தனையோ வருஷம் தேடி வாங்கின அந்தப் பெட்டியை.

கப்பல் கிளம்பியது. அக்கா முன்னால் குனிந்து, நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். புயல் வந்தது. அவள் தோளில் தட்டியபோது கப்பல் பாதி மூழ்கிவிட்டது. மறுபடியும் கிளம்பினார்கள். இந்தத் தடவை புயல் இல்லாத இடத்தில் தட்டினாள். அத்தான் பாயை இறக்கிவிட்டு வெறுங்கடலில் காத்துக் கிடந்தார்.

“இதுல எனக்கு ஒண்ணும் பிரிஞ்சு கேக்கல்ல” என்றாள் அக்கா. “எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலங்கிக் கிடக்கு. மத்தத போடுங்க. அதுலதான் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும்.”

மற்றதை என்று அவள் விரலால் காட்டினது கீபோர்டுகாரருடைய பாவனைப் பெட்டியை. எனக்கு அத்தானுடைய முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அது இல்லை, இது இல்லை என்று அவர் எத்தனை வருஷம் சொல்லியிருப்பார். கண்டுபிடித்தபோது மணி அவருக்குக் கேட்கவில்லை. இப்போது இவள் அந்தப் பெட்டியே வேண்டாம் என்கிறாள்.

“அதுலயா?” என்று கேட்டார்.

“அதுலதான்.”

அவர் அவள் காதைப் பார்த்தார். நரை விழுந்த முடிக்குக் கீழே இருந்த, கம்மல் போட்ட காது. பிறகு எழுந்து, பழைய பெட்டியின் வயரைத் தானே கழற்றி மற்றதில் மாட்டினார். பழைய பெட்டியைத் துண்டால் துடைத்து, கீபோர்டுகாரர் கையில் கொடுத்தார். கீபோர்டுகாரர் தன் பெட்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மூன்றாவது தடவை கப்பல் கிளம்பியது. அக்கா தட்டினாள். பாய் இறங்கியது. புயல் வந்து கடந்து போனது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நான் போகும்போதெல்லாம் அவர்கள் மாடியில் இருப்பார்கள். துறைமுகம் வந்ததும் அக்கா அவர் தோளில் கையை வைத்துவிடுவாள், மணி அடித்து ஓய்கிறவரைக்கும் எடுக்கமாட்டாள். அவர் நங்கூரம் போடாமல் கப்பலை அப்படியே நிறுத்திவைத்திருப்பார். அவள் கையை எடுத்த பிறகுதான் போடுவார். அப்படிச் சில வருஷங்கள் போயின. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை கழிந்த பிறகு, அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டே மாடிக்குப் போனோம். கம்ப்யூட்டர்மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. நாற்காலிகள் இரண்டும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“போட்டுக் கேக்கதுண்டாக்கா?”

“எனக்கு ஓட்டத் தெரியாதுல்லா” என்றாள். “கேக்க மட்டுந்தான் படிச்சேன்.”

“நான் ஓட்டட்டா? நீ பக்கத்துல இரி.”

அவள் துணியின் ஒரு ஓரத்தைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

“வேண்டாம்லே. நீ உன் காதால கேட்டே ஓட்டிருவ.”